ஏழாவது நிமிடத்தில் வராத படை

சுகிர்தாவின் சமையலறையில் நானூறு படைவீரர்கள் ஒன்பது நாளாக நின்றுகொண்டிருந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

வீரர்கள் கட்டைவிரல் உயரம். அடுப்புக்கும் மிக்ஸிக்கும் நடுவே வரிசை பிசகாமல் நின்றார்கள். பன்னிரண்டு யானைகள் அரிசி டப்பாவின் நிழலில் படுத்திருந்தன. காஸ் சிலிண்டர்மேல் அவர்களுடைய தளபதி இன்னாசி உட்கார்ந்திருந்தான். கணினிப் போர் விளையாட்டில் 'எதிராளி: மனிதர்' என்று அவள் அழுத்திய மறுநாள் காலை, ஒரு சூட்கேஸோடு தூத்துக்குடி பஸ்ஸில் ஈரோட்டுக்கு வந்து இறங்கியவன். மனித எதிராளிகள் அப்படித்தான் வருவார்கள்.

அதுவரை பதினோரு வருஷம் சுகிர்தா கணினியோடு மட்டும்தான் மோதியிருந்தாள். கணினி எப்படி விளையாடும் என்று தெரிந்தால் அவள் சிக்கல் விளங்கும். அது உங்கள் படையை எண்ணும். தன் படையை எண்ணும். ஏழாவது நிமிடத்தில் கிளம்பும். முன்னால் குதிரை, பின்னால் வில். எப்போதும் வடக்கிலிருந்துதான் வரும். ஆகவே வடக்கே ஒரு மதிலை எழுப்பிவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் ஜெயித்துவிடலாம். அவள் ஆயிரத்து நானூறு தடவை அப்படி ஜெயித்திருந்தாள்.

சமையலறை ஹாலுக்கு வடக்கே இருந்தது. நடுவே மதில் கட்டினாள். தன் முந்நூறு வீரர்களை ஹாலில் நிறுத்தினாள். ஏழு நிமிடம் காத்திருந்தாள். அந்த ஏழு நிமிடம் இன்னும் முடியவில்லை.

"ஏனுங் தம்பி, வர்றீங்களா இல்லீங்களா?" என்று மதிலுக்கு மேலே எட்டிக் கேட்டாள்.

"வருவேங்க்கா. என்ன அவசரம்? நீங்க மொதல்ல வாங்களேன்."

"நான் எதுக்குங் வரோணும்?"

"அப்போ நான் மட்டும் எதுக்கு வரணும்?"

இரண்டு யானைகள் ஆமோதித்துத் தலையாட்டின. இன்னாசியும் கணினியோடு விளையாடிப் பழகியவன்தான்.

விதி எளிமையானது. பத்து நாள் சண்டை நடக்காத இடம், அதில் நிற்பவருக்கே சொந்தம். நாளைக் காலை சமையலறைக்குத் தனிக் கதவு எண் வந்துவிடும். சிலிண்டர் இன்னாசி பெயருக்கு மாறிவிடும். அதுவரை டம்ளரோடு உள்ளே போனால் சரணடைந்ததாகப் பொருள். ஒன்பது நாளாக அவள் தன் வீட்டுக் காபியைக் குடிக்கவில்லை.

தெருமுனையில் இருந்த எதிராளி உதவி அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கப் போனாள். அதன் நடைபாதை ஒரு புகாருக்கு நாற்பது அடி நீளம். பாதி வழியில் சுகிர்தாவுக்கு யானைகளின் ஞாபகம் வந்தது. நடைபாதை எண்பது அடியாயிற்று. அதற்குமேல் எதையும் நினைக்காமல் நடந்தாள்.

கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"எதிராளி மனுசன்தானா? அத்தாட்சி இருக்குதுங்களா?"

"சிலிண்டர் மேல உக்காந்து முறுக்கு திங்கறாருங்க."

"அது பத்தாது அம்மணி. தப்பு ஏதாச்சும் பண்ணுனாரா?"

"இன்னும் ஒண்ணுமே பண்ணலீங்களே."

"அப்ப அவரை மனுசன்னு பதிய முடியாது. நீங்க மனுசிதானா?"

ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் ஒரே கேள்வி: 'நீங்கள் செய்த தவறு'. சுகிர்தா ரொம்ப நேரம் யோசித்து 'மதில்' என்று எழுதினாள். அம்மாள் முத்திரை குத்தினாள்.

"இதை வெச்சு நான் என்னங் பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். மனுசின்னு பதிஞ்சாச்சு. போயிட்டு வாங்க."

திரும்பும்போது நடைபாதை நான்கு அடிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மதிலில் ஒரு வாசல் திறந்தாள். பக்கத்திலேயே நின்று உற்றுப் பார்த்தாள்.

"என்னக்கா, ஆசை காட்டுதீங்களோ?" என்றான் இன்னாசி. அசையவில்லை.

பாதிப் படையை விலக்கினாள். "இது இன்னும் மோசம்லா" என்றான். மொத்தப் படையையும் சோபாவுக்கு அடியில் ஒளித்தாள்.

"உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுக்கா. உள்ள வெச்சு அமுக்கப் போறிய."

சுகிர்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கணினியாக இருந்தால் ஹாலில் யாருமில்லை என்று எண்ணிப் பார்த்து வந்திருக்கும். இவன் படையை எண்ணவே இல்லை. ஒன்பது நாளும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதற்கு உண்மையிலேயே ஒரு வேலை கொடுத்தாக வேண்டும்.

வெளியே வானம் கறுத்திருந்தது. மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"மழை வருது!" என்று ஓடினாள். முந்நூறு வீரர்களும் பின்னால் ஓடினார்கள். அவர்கள் கிளிப்புகளைக் கழற்றக் கழற்ற அவள் துணிகளை அள்ளினாள். ஒரு தலையணை உறையைக் காணோம். அதைத் தேடியதில் போர் சுத்தமாக மறந்துபோயிற்று.

மாடிப்படி அன்று சமையலறையில் இறங்கியது. சமையலறை காலியாக இருந்தது.

ஹாலிலிருந்து கூச்சல் கேட்டது. யானைகள் சோபாவில் ஏறியிருந்தன. இன்னாசி டிவிமேல் கொடி நட்டுக்கொண்டிருந்தான்.

"புடிச்சாச்சுல்லா! ஹாலு என்னுது! அசந்துட்டியளே அக்கா!"

"ஆமாங் தம்பி, அசந்துட்டேன்" என்றபடி சுகிர்தா அடுப்பில் பாலை வைத்தாள். அவளுடைய வீரர்கள் அடுப்புக்கும் மிக்ஸிக்கும் நடுவே வரிசையாக நின்றார்கள். ஹால் அவனுக்குச் சொந்தமாக இன்னும் பத்து நாள் இருந்தது.

எதிராளி கணினி என்றால் மதில் கட்ட வேண்டும். மனிதன் என்றால் வாசலைத் திறந்துவைத்துவிட்டுத் துணி எடுக்கப் போக வேண்டும்.