அளவாகச் சிரிக்க ஓர் உத்தரவு

எங்கள் மேனேஜரிடம் ஓர் ஆங்கிலத் தொடர் எப்போதும் தயாராக இருக்கும்: 'ஜெனரலி அக்செப்டட் சோஷியல் நார்ம்ஸ்'. ஊர் உலகம் ஒப்புக்கொண்ட வழக்கம் என்று அர்த்தம். அதைச் சேர்க்காமல் அவர் ஒரு சுற்றறிக்கையும் எழுதமாட்டார். டம்ளரைக் கழுவி வைப்பதும் அதன்படிதான், செருப்பை வரிசையாக விடுவதும் அதன்படிதான். ஊர் உலகம் எப்போது கூடி ஒப்புக்கொண்டது என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. முதுகுக்குப் பின்னால் 'நார்ம்ஸ் சார்' என்று பெயர் வைத்ததோடு எங்கள் வீரம் சரி.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. புகார் போனை எடுப்பது என் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு நானாகத் தேடிக்கொண்ட முதல் வேலை. சோதனைக் காலம் முடிகிற நேரம். அப்போது பார்த்து என் மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது. என் சிரிப்பு ஜெனரலி அக்செப்டட் சோஷியல் நார்ம்ஸை மீறுகிறதாம். திங்கட்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாதாம்.

என் சிரிப்பு கொஞ்சம் பெரிசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், "லிஃப்டுல நானும் மாமியாரும் மட்டும்தான் மாட்டிக்கிட்டோம், சீக்கிரம் ஆள் அனுப்புங்க" என்று ஒரு மாப்பிள்ளை கெஞ்சினால் எப்படிச் சிரிக்காமல் இருப்பது? கடிதம் வந்த அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அழுகைதான் வந்தது.

என் நாத்தனார் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"அண்ணி, எவ்வளவு சிரிக்கலாம்னு இதுல போடவே இல்லையே?"

"அதான் நார்ம்ஸ்னு போட்டிருக்காரே."

"அது என்ன கடையில விக்குதா, வாங்கி வச்சு அளந்து பார்க்க? அவரையே சிரிச்சுக் காட்டச் சொல்லுங்க."

"வேலை போயிடும்டி."

"கேக்கலைன்னா மட்டும் இருக்கப்போகுதா?"

அவருடைய ஆங்கிலத்திலேயே பதில் எழுதினோம். ஜெனரலி அக்செப்டட் சோஷியல் நார்ம்ஸின்படி எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்று தயவுகூர்ந்து செய்து காட்டினால் அப்படியே பின்பற்றுகிறேன் என்று. எழுதும்போது நாங்கள் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

திங்கட்கிழமை மேனேஜர் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டு விழப்போகிறது என்று கதவோரமாக நின்றேன். அவரோ என் பதிலை மரியாதையோடு பிடித்திருந்தார்.

"முறைப்படி எழுதிக் கேட்டிருக்காங்க. முறைப்படி காட்டிடறேன்."

காலரைச் சரிசெய்துகொண்டார். "ஹ. ஹ." அவ்வளவுதான். முகத்தில் ஓர் அசைவு இல்லை.

கணக்கர் பவ்யமாகக் குனிந்து கேட்டார்: "சார், சிரிக்க ஆரம்பிச்சாச்சா, இல்ல தொண்டையைச் சரி பண்றீங்களா?"

உதட்டைக் கடித்துக்கொண்டேன். வேலை, வேலை என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அடங்கினால்தானே! வெடித்துவிட்டது. தொலைந்தது வேலை என்று நினைக்கும்போதே என் சிரிப்பையே அமுக்கிக்கொண்டு இன்னொரு சத்தம் கேட்டது. மேனேஜர்! மூக்கால் ஒரு குறட்டை, வாயால் ஒரு கனைப்பு, மேஜைமேல் ஓர் அடி. பேனா ஸ்டாண்ட் கவிழ்ந்தது. பக்கத்து அலுவலகத்துக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தச் சிரிப்புக்காகத்தான் ஸ்கூல்ல என்னை வகுப்புக்கு வெளிய நிக்க வச்சாங்க. அன்னியோட விட்டுட்டேன்."

அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், எனக்குப் பாவமாக இருந்தது.

சாயந்திரம் என் ஃபைல் வந்தது. வேலை நிரந்தரம். வழக்கமாக நார்ம்ஸ் வந்து உட்காருகிற கடைசி வரியில், முதல் தடவையாகத் தமிழில் ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்:

'சிரிக்கட்டும்.'