கால் மட்டும் மர நிறம்

எனக்கு மரியாதை பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆபீஸில் ஆளாளுக்கு சார் போடும்போது வேண்டாமென்றா சொன்னேன்? ஆனால் வீட்டுக்குள், குளித்துவிட்டுத் துண்டோடு வருகிறவனை ஒரு பெண் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றால், மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவள் என் மனைவியின் மகள். அவள் அம்மாவும் நானும் ஒரே ஆபீஸ். அம்மாவைப் பார்க்க அங்கே வந்துபோனபோது அவள் வாயில் ஒட்டிக்கொண்ட சார், போன வருஷம் எங்கள் கல்யாணம் முடிந்த பிறகும் உதிரவில்லை. சண்டை கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம் சார்." விருந்தாளியாகவே வைத்து என்னைக் கொன்றாள். ஒரு தடவையாவது என்னோடு மல்லுக்கு நிற்கமாட்டாளா என்று ஏங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

லீவு நாளில் மட்டும் நான் தச்சன். சாப்பாட்டு மேசை ஒன்று செய்துகொண்டிருந்தேன். முழுக்கக் கரும்பழுப்புச் சாயம் என்று திட்டம். அவள் வந்து பார்த்தாள்.

"காலுக்கு மட்டும் சாயம் வேண்டாமே சார். மர நிறமே நல்லா இருக்கு."

ஒரு வருஷத்தில் அவள் சொன்ன முதல் அபிப்பிராயம். விடுவேனா? கையோடு அவளையும் வேலையில் இழுத்துவிட்டேன்.

இரண்டு நிறம் என்றால் பூட்டுவதற்கு முன்பே சாயம் அடித்தாக வேண்டும். பிறகு அடித்தால் கருமை காலுக்குள் கசிந்துவிடும். கால்களை இணைக்கிற சட்டத்தின் நுனியில், காலின் துளைக்குள் நுழைகிற நாக்கில் மட்டும் சாயம் படக்கூடாது. பட்டால் பசை சரியாகப் பிடிக்காது. அதனால் நாக்குகளுக்கு நீல டேப் சுற்றினேன். அவள் துணியில் சாயம் தோய்த்து, மர ரேகை போகிற போக்கில் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுத்தாள். நல்ல கை.

மறுநாள் பூட்டல். பசை விட்டால் சில நிமிஷம்தான் அவகாசம். அவள் பார்க்கிறாள் என்ற மிதப்பில் துளையில் பசையை விட்டு, சட்டத்தைச் செருகி, மரச்சுத்தியலால் ஒரு போடு போட்டேன். கச்சிதமாக இறுகியது. ஆஹா, என்ன அளவு என்று எனக்கே பெருமை. மறுபடி ஓங்கினேன்.

"யோவ், நிறுத்துய்யா! அறிவிருக்கா? டேப்பை யாரு உரிப்பா?"

துளை விளிம்பில் நீலம் எட்டிப் பார்த்தது. அவள் காலைப் பிடித்துக்கொள்ள, நான் சட்டத்தை ஆட்டி ஆட்டி இழுத்தேன். பிடுங்கி, எல்லா டேப்பையும் உரித்து, துடைத்து, புதுப் பசை விட்டு மறுபடி செருகும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை. பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வெளிறிவிட்டது.

"சாரி சார். வாய் தவறி..."

"திட்டினது பாதியில நிக்குது. முழுசா திட்டிட்டுப் போ."

அவள் சிரிக்கவில்லை. சாயம் படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பான்னு கூப்பிட்டவர் ஒருநாள் சொல்லாம போயிட்டார். சார்னு கூப்பிட்டா, போனாலும் அவ்வளவா வலிக்காதுன்னு நினைச்சேன்."

ஆபீஸில் மணிக்கணக்காகப் பேசுகிறவன், மூன்றே வார்த்தைக்குத் தவித்தேன்.

"நான் எங்கயும் போகலம்மா."

"தெரியுது. தெரியாமயா அப்படித் திட்டினேன்? பேச்சை விட்டுட்டு அந்தப் பக்கம் இறுக்குங்க. பசை காயுது."