தள்ளிவைத்த வரி

அப்பாவின் மடியிலிருந்த காகிதக் கட்டை மாலின் பிடுங்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. கட்டிலில் அம்மாவுக்கு மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. இன்றைய பொழுது தாண்டாது என்று நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"இன்னைக்குமா இந்த வேலை? அம்மா கையைப் பிடிச்சுக்கோயேன்ப்பா."

அப்பா ஸ்டூரே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்த ஒரு பக்கந்தான். அவ சரின்னு சொல்லாம நான் எதையும் அனுப்பினதில்ல."

வட ஸ்வீடனில் ஊமியோ நகரத்துக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை ஸ்வீடிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது அவர் தொழில். அம்மா சோல்வே வரி அலுவலகத்தில் இருந்தவள். சாப்பாட்டு மேசையில் அவர் ஆங்கிலத்தை வாசிக்க, அவள் ஸ்வீடிஷில் விரல் வைத்துக்கொண்டே வருவாள். சரியென்றால் மூச்சைச் சுருக்கென்று உள்ளே இழுப்பாள். எங்கள் வடக்கில் 'ஆமாம்' என்றால் அவ்வளவுதான். அதற்குப் போய் வாயை வீணாக்க மாட்டோம். தெற்கேயிருந்து வருகிறவர்கள் நெஞ்சுவலியோ என்று பதறுவார்கள். தப்பென்றால் அவளிடம் சத்தமே இருக்காது. காபியைக் குடிப்பாள். அவர் வேறு மாதிரி மாற்றி வாசிப்பார்.

இப்போது மாட்டிக்கொண்டது ஒரு சொல். லாபத்தில் ஒரு பங்கை வரி கட்டாமல் சில வருஷம் ஒதுக்கிவைக்க இங்கே சட்டமே இடம் தருகிறது. அதை ஆங்கிலத்தில் அப்படியே போட்டால், கம்பெனி வரி ஏய்க்கிறது என்று லண்டன்காரர்கள் நினைத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

மாலினுக்கு வேறு பயம். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா போய்விட்டால், பிறகு அந்த மனுஷன் எப்படித் தாங்குவார்? அவள் அம்மாவின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்பா ஆங்கிலத்தில் வாசித்தார்: "வரி கட்டாத ஒதுக்கு."

அம்மாவிடம் அசைவில்லை.

"உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும்," என்று முணுமுணுத்தபடி அடித்து எழுதினார். பிறகு குனிந்து அவள் காதருகில் வாசித்தார். "வரி தள்ளிவைக்கப்பட்ட ஒதுக்கு."

அம்மா மூச்சைச் சுருக்கென்று உள்ளே இழுத்தாள்.

"பாத்தியா," என்றார் மகளிடம். முகமெல்லாம் சிரிப்பு. ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

அந்த மூச்சு வெளியே வருவதற்காக மாலின் காத்திருந்தாள். அது வரவில்லை. நர்ஸ் வந்து குனிந்து பார்த்தாள். பிறகு போய், இங்கே யாராவது இறந்தால் செய்வதுபோல ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

காகிதம் பறக்காமல் அப்பா உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டார். அடுத்த வரியை வாசித்தார். காத்திருந்தார்.

பிறகு அதையே வேறு மாதிரி மாற்றி வாசித்தார்.