லண்டனைக் கட்டியது யார்?

அறுபத்துநாலில் விடைத்தாள் திருத்தச் சிதம்பரம் வந்த மூன்றாம் நாளே ஆசியா உம்மாளுக்கும் தேவநாதனுக்கும் முட்டிக்கொண்டது. ஆசியா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெண்கள் பள்ளியின் சரித்திர ஆசிரியை. தினமும் காலை பாசஞ்சரில் வந்துபோனாள். தேவநாதன் அந்த முகாமின் முதன்மைத் தேர்வாளர். விடைக்குறிப்பு எழுதியவரும் அவரே.

‘லண்டன் நகரை நிறுவியவர் யார்?’ இரண்டு மார்க் கேள்வி. குறிப்பில் ‘ஆல்ஃபிரட் மன்னர்’ என்றிருந்தது. ‘ரோமானியர்’ என்று எழுதிய பிள்ளைகளுக்கும் ஆசியா இரண்டு மார்க் போட்டிருந்தாள். தேவநாதன் அதையெல்லாம் பச்சை மையால் அடித்து, விடைத்தாள் கட்டை அவள் மேசையில் வீசினார்.

“குறிப்பப் பாக்காமத் திருத்துறீங்களா டீச்சர்?”

“பாத்துட்டுதான் சார் திருத்துனேன். குறிப்புதான் தப்பு.”

கூடத்தில் நாற்பது பேனாக்களும் நின்றன.

“ஓகோ! உங்க ஜனங்க கப்பல்ல போயிப் பாத்துட்டு வந்து சொன்னாங்களாக்கும்?”

ஆசியாவுக்குக் காது மடல் சுட்டது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

“தேம்ஸ் ஆத்தங்கரையில ரோமானியன் ஊரு கட்டி ஆயிரத்தித் தொள்ளாயிரம் வருசம் ஆவுது சார். கட்டுன கொஞ்ச நாள்லயே ஒரு ராணி படையோட வந்து கொளுத்திட்டா. மறுபடி கட்டி, பின்னால மதிலும் வச்சாங்க. அவுங்க போனப்பறம் ஊரு பாழாப் போச்சு. ஆல்ஃபிரட் வந்தது எண்ணூத்தி எண்பத்தாறுல. இடிஞ்சதச் செப்பனிட்டு ஜனங்களக் குடி வச்சாரு. வூட்டுக்கு வெள்ளையடிச்சவன வூட்டக் கட்டுனவன்னு சொல்லுவீங்களா?”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் தேவநாதனால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் பள்ளி நூலகத்திலிருந்து இங்கிலாந்து சரித்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்து, பக்கத்தைப் பிரித்து அவர்முன் வைத்தாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்கேலால் அதைத் தள்ளிவிட்டார்.

“இங்க புஸ்தகம் மார்க் போடாது. நான் போடுவேன்.”

“அப்ப நீங்களே போட்டுக்குங்க.” பேனாவை மூடிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள்.

பக்கத்து மேசையில் பண்ருட்டிக்காரர் பொன்னுரங்கம். வந்ததிலிருந்து வாய் திறக்காத மனிதர். “டீச்சர், நானும் முப்பது நாப்பது பிள்ளைங்களுக்கு சைபர் போட்டுட்டேன்” என்றார். அவரும் பேனாவை மூடினார். மத்தியானத்துக்குள் ஒன்பது பேர் மூடிவிட்டார்கள். வேலை நின்றது. தேவநாதன் வேறு வழியில்லாமல் மெட்ராஸ் தேர்வு ஆபீசுக்குத் தந்தி கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: இரண்டு விடைகளுக்கும் முழு மதிப்பெண் தரவும்.

தேவநாதன் அதை ஜெயித்தவர் போல உரக்கப் படித்தார். ரோமானியருக்கு மார்க் கிடைத்ததில் ஆசியாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் ஒவ்வொரு ‘ஆல்ஃபிரட்’டுக்கும் இரண்டு போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி நாள் வாசலில் அவர் வழிமறித்தார். “அடுத்த வருசம் உங்கள எவன் கூப்புடறான்னு பாக்குறேன்.”

“கூப்புட வேணாம் சார். பிள்ளைங்க வயித்துல அடிக்காம இருங்க, போதும்.”

அவர் சொன்னதைச் செய்தார். அறுபத்தைந்திலும் திருத்த வரச்சொல்லி அவளுக்கு உத்தரவு வரவில்லை, அறுபத்தாறிலும் வரவில்லை. ஏன் என்று கேட்டு ஆசியா ஒரு கடிதம்கூடப் போடவில்லை. வகுப்பில் மட்டும் லண்டன் பாடம் வந்தால், ஒரு பீரியடுக்குப் பதில் இரண்டு பீரியட் எடுத்தாள்.