மிளகாய்க்கு நாற்பது ஓம்

கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. ஒரு மிளகாய்க் கதை தருகிறேன். கண்ணில் நீர் வந்தால் அது சிரிப்பால்தான்.

முதலில் ஓர் உண்மை. முக்கால் கதை கத்தரீனாவுடையது. டென்மார்க்கின் கோல்டிங் நகரில் பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது சொன்னாள். முடிவுக்கு முன் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். வாய் விறைத்துத் திரும்பி வந்து, கையை மட்டும் ஆட்டினாள். அந்தக் கையாட்டலுக்கு நான் பொருள் எழுதுகிறேன்.

1

எண்பத்தெட்டாம் ஆண்டு வசந்தத்தில், கண்ணாடிக் கூரைத் தோட்டத்தின் பனித்துளிகள் முத்துக்களைப் போல... (அடித்துவிட்டேன். அங்கே வேர்வைதான் இருந்தது.)

நீக்கிலாஸ் அங்கே புது மிளகாய் இனங்களை உருவாக்கும் டேனிஷ்காரர். வெயில் நாட்டுக் கமக்காரருக்கு விதை விற்க வேண்டும். இரண்டு இனங்கள் மிச்சம். ஒன்று தடித்த தண்டுக்காரி. மற்றவள் மெலிந்தவள், ஆனால் காயெல்லாம் ஒன்றாய்ப் பழுக்கும். ஒருத்திக்குத்தான் இடம். யாரை வைத்திருப்பது என்று கமக்காரரையே கேட்க நினைத்தார். (நல்ல மனிதர். கடவுள்கூட நம்மை இப்படிக் கேட்டதில்லை.) இலங்கையில் மிளகாய் பயிர்செய்த நாற்பது தமிழர் அந்த வட்டாரத்தில் அகதிகளாய் இருந்தார்கள். அவர்களிடம் கேட்கும் வேலை, அங்கே நாற்று நட்ட, கொஞ்சம் டேனிஷ் கற்ற தமிழ்ப் பெண் கத்தரீனாவுக்கு.

2

கேள்வி: செடி 'ஸ்டேர்க்' ஆக இருக்க வேண்டுமா?*

"அண்ணை, உறைப்பா இருக்கோணுமோ?"

"இதென்ன கேள்வி பிள்ளை? உறைக்காட்டி அது மிளகாயோ, கரட்டோ?"

நாற்பது பேரும் ஓம், அதாவது ஆம். நீக்கிலாஸ் மகிழ்ந்து, மெலிந்தவளை வெள்ளிக்கிழமை பிடுங்கச் சொன்னார்.

* டேனிஷில் இச்சொல்லுக்கு உறுதி என்றும் பொருள், உறைப்பு என்றும் பொருள். நீக்கிலாஸ் கேட்டது தண்டின் உறுதியை. கத்தரீனா அச்சொல்லைக் கற்றதோ கன்ரீன் சாப்பாட்டில்.

3

இரத்தினசிங்கத்தைச் சோகமான ஆளாக எழுதிப் பார்த்தேன், மனிதர் ஒத்துவரவில்லை. கிளிநொச்சியில் மிளகாய் செய்தவர், இங்கே அதே கண்ணாடித் தோட்டத்தில் தொட்டி கழுவுகிறார். மனைவி சுசீலாதேவி ஊரில் தனியாகத் தோட்டம் பார்க்கிறாள். அவளை அழைக்கும் விண்ணப்பம், அந்த ஆண்டுகளில் எல்லாருடையதையும் போல, கோபன்ஹேகனில் ஓர் அலுமாரிக்குள் தூங்கியது.

வியாழக்கிழமை அவர் கத்தரீனாவிடம் ஓடி வந்தார்.

"எடி பிள்ளை, இதையோ பிடுங்கப் போறாங்கள்? இதிலை ரெண்டு தரம் ஆய்ஞ்சாப் போதும். மற்றதிலை ஏழு தரம்! என்ர மனிசி ஒருத்தி, எத்தினை தரம் குனியிறது?"

"நீங்கள்தானே அண்ணை ஓம் எண்டனீங்கள்!"

"நான் உறைப்புக்கெல்லோ ஓம் எண்டனான்!"

சொல்லைத் தான் மாற்றிக் கேட்டது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது; பிழையைச் சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் செடி போகும். (இங்கே அவளை ஜன்னலோரம் நிறுத்தி யோசிக்கவைத்து ஒரு பந்தி எழுதினேன். அவள் நிற்கவில்லை.) நேரே நீக்கிலாஸிடம் போய்ச் சொன்னாள்.

அவர் குலுங்கிச் சிரித்தார். "மிளகாய் உறைக்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு நாற்பது பேர் தேவைப்பட்டிருக்கிறார்கள்!"

பிறகு தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் ஒரே கேள்வி எழுதினார்: உங்கள் தோட்டத்தில் காய் பறிப்பது யார்?

(பறிப்பதை நாங்கள் 'ஆய்வது' என்போம். ஆய்வு செய்தவர் ஆய்கிறவளை மறந்திருந்தார், பாருங்கள்.)

மனைவி. தாய். தங்கச்சி. மனைவி. மாமி.

4

மெலிந்தவள் தப்பினாள். அடுத்த ஆண்டு ஒரு பிடி விதையை இரத்தினசிங்கம் கடித உறைக்குள் போட்டார்.

இனிக் கத்தரீனாவின் கையாட்டலுக்கு என் பொருள். முடிவு ஒன்று: விதை போய்ச் சேர்ந்தது, சுசீலாதேவி இரண்டே தரம் குனிந்தாள்.

முடிவு இரண்டு: அலுமாரி திறந்தது; அவளே வந்து இறங்கி, "தோட்டத்தை ஆரட்டை விட்டிட்டு வந்தனான் எண்டு கேக்கமாட்டியளோ?" என்று...

யுத்தம் எழுதக்கூடிய மூன்றாவதை நான் எழுதமாட்டேன். எதை எடுத்தாலும், அவள் முதுகு நோகாமல் முடித்துவையுங்கள்.

உங்கள் வீட்டு அடுப்பில் சட்டி குறையாமல் கொதிக்கட்டும். உறைப்பு நாக்கோடு நிற்கட்டும், மனத்துக்கு ஏறாமல். ஆக்குகிறவரும் உண்பவரும் ஒரே மேசையில் இருக்க வாழ்த்துகிறேன்.