மாரப்பன் பிராசசர் பிடித்து வந்தது

கரட்டுப்பாளையத்தில் வீட்டில் இடம் போதாதவர்கள் சர்வருக்குள் குடியிருப்பார்கள். சர்வர் என்றால் அரிசி டின் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. வீட்டுக்கு ஒன்று பரண்மேல் இருக்கும். உள்ளே போகிறவர்களுக்கு ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின். அதில் கால் வைத்ததும் முழு வீடும் தனக்கே என்று ஆகிவிடும். கிணறு, அடுப்படி, துணி காயப்போடும் கொடி எல்லாம் தனித்தனி. கூட இருப்பவர்களின் குரல் மட்டும் பக்கத்து வீட்டுப் பேச்சு போலச் சுவர் வழியே கேட்கும். இதற்கெல்லாம் ஒரே ஒரு கட்டுப்பாடுதான். பெட்டிக்கு வெளியே ஒரு ஆள் இருந்தாக வேண்டும். தூசி துடைக்க வேண்டும், கரண்ட் போனால் இன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும்.

மாரப்பன் வீட்டில் வெளியாள் மாரப்பன்தான். உள்ளே நாலு பேர். அவருடைய அப்பா நாச்சிமுத்து, அக்கா வெள்ளையம்மாள், முன்னறையில் வாடகைக்கு இருந்த டைலர் சூசை, கடைசியாகப் போன மனைவி பாவாயி.

பாவாயி உள்ளே போய் ஏழு வருஷம் ஆகிறது. ஒரு புதன்கிழமை காலையில் கட்டிலை எங்கே போடுவது என்று பேச்சு வந்து, அது வளர்ந்துவிட்டது. இந்த வீட்டில் ரெண்டு பேருக்கு இடமில்லை என்று மாரப்பன் சொன்னார். பாவாயி அடுப்படிக்குப் போய் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஏணியைச் சாத்தி ஏறி, பெட்டிக்குள் போய்விட்டாள்.

அவள் வைத்த சாமான் ஒன்றையும் மாரப்பன் நகர்த்தவில்லை. இடப்பக்கத்து அடுப்பில் அவள் மூடி வைத்த பாத்திரம் அப்படியே இருந்தது. அவர் வலப்பக்கத்து அடுப்பில் சமைத்துக்கொண்டார். கேஸ் சிலிண்டர் மட்டும் எதிர்வீட்டுக்காரர்களைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. கைக்குழந்தை இருக்கிற வீட்டு வாசனை மாதிரி ஒன்று வீட்டில் எந்நேரமும் லேசாக இருந்தது.

பெட்டிக்குள் இருந்து எல்லாரையும் நடத்துகிற பிராசசர் அப்பா காலத்துப் பிராசசர். அதற்கு ரெண்டு கோர். ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒருத்தருக்குத்தான் ஊழியம் பார்க்கும். நாலு பேருக்கு ரெண்டு கோர் மாறி மாறி ஓடியதில் அதற்கு மூச்சு வாங்கிவிட்டது. பெட்டியின் முகப்பில் இருந்த சின்னத் திரையில் மாரப்பன் தினமும் பார்ப்பார். அப்பா மாசி மாதம் படியிறங்க எடுத்த காலை ஆடி பிறந்தும் கீழே வைக்கவில்லை. சூசையின் கையில் ஊசி துணிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. பங்குனியில் வந்த தும்மல் பாதியில் நிற்க, அக்கா வாயைத் திறந்தபடி இருந்தாள்.

பாவாயி தை மாதம் பேச ஆரம்பித்தாள். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. தையில் "ஏனுங்க" என்றாள். சித்திரையில் "அன்னைக்கு" என்றாள். ஆனியில் "நான்" என்றாள். அதற்குமேல் வரவில்லை.

அன்னைக்கு நான் என்றால் எந்த அன்னைக்கு என்று மாரப்பனுக்குத் தெரியும். மிச்சம் என்ன வரும் என்றுதான் தெரியவில்லை. அந்த ஒரு பேச்சு முடிந்தால் போதும், அது வசவாக இருந்தாலும் சரி என்று புதுப் பிராசசர் தேடி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் புறப்பட்டார்.

பிராசசர் கடையிலும் கிடைக்கும். கடையில் எடுத்ததற்குக் குணம் தெரியாது. ஆகவே ஊரில் எல்லாரும் சந்தையில்தான் பிடிப்பார்கள். புளியமரத்து நிழலில் முளை அடித்துப் பிராசசர்களை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம், அப்பளக் கனம். அடிவயிற்றில் பொடிப்பொடியாகக் கால்கள், எண்ணி மாளாது. மாரப்பன் ஒவ்வொன்றாகப் புரட்டி, வளைந்த கால் உண்டா என்று பார்த்தார். பிறகு நெற்றியில் குடியேற்றச் சுழி இருக்கிறதா என்று பார்த்தார். அந்தச் சுழி இல்லாத பிராசசர் எவ்வளவு பலசாலியானாலும் ஒரு ஆளுக்குமேல் பெட்டியில் சேர்க்காது.

தரகர் செல்லாண்டி ரெண்டு பிராசசரை அவிழ்த்துக்கொண்டு வந்தார். முதலாவதற்கு ரெண்டே கோர். ஆனால் மின்னல் வேகம். மேலே விழுந்த புளிய இலை கருகிப் போனது. இன்னொன்றுக்கு ஆறு கோர். நிதானமானது. தொட்டால் மண்பானை மாதிரிச் சில்லென்று இருந்தது. ராத்திரி பகல் ஓடினாலும் கரண்ட் அதிகம் தின்னாது என்றார் தரகர்.

மாரப்பன் வீட்டு நிலவரம் செல்லாண்டிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

"வேகமானதக் கட்டுனீங்கன்னா, பொழுது சாயறதுக்குள்ள உங்க ஊட்டுக்காரம்மா பேசி முடிச்சிருவாங்கண்ணா. என்ன, அது ஒரே ஆளத்தான் கவனிக்கும், மத்த மூணு பேரு நின்னது நின்னபடி நிப்பாங்க. உங்கொப்பன் ஒத்தக்கால்லயே தவம் இருக்க வேண்டீதுதான்."

"இது?"

"இது எல்லாத்தையும் நடத்தும். ஆனா அம்மா பேசி முடிக்க மூணு நாளு ஆகும். நடுவுல நீங்க அவசரப்பட்டீங்கன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

மாரப்பன் வேகமானதின் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். அது வியர்த்துக்கொண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. பொழுது சாய்வதற்குள் என்ற சொல் அவர் காதிலேயே இருந்தது. அப்பாவின் கால் அவர் கண்ணிலேயே இருந்தது. அந்தக் கால் ஒரு வயசான கால், கட்டைவிரல் நகம் கறுத்த கால். எழுந்து வந்து ஆறு கோர் பிராசசரின் முதுகில் கை வைத்தார்.

சந்தை வழக்கப்படி, விரலால் கணக்குப் பேச, செல்லாண்டி துண்டைப் போர்த்தி அதற்குள் மாரப்பன் கையைப் பிடித்தார். இந்த ரகத்தில் ஆறு கோரில் ஒன்று பிராசசரின் சொந்த வேலைக்குப் போய்விடும், மீதியில் எத்தனை பேரைக் குடிவைக்க வேண்டும் என்று கேட்டார். மாரப்பன் வாயால் நாலு என்றார். துண்டுக்குள் அவர் கை அஞ்சு விரலையும் கொடுத்தது.

செல்லாண்டி முகத்தைப் பார்த்தார். "வாயி நாலுங்குது, கையி அஞ்சுங்குதே?"

மாரப்பன் துண்டை விலக்கித் தன் கையைப் பார்த்தார். அது விரலை மடக்கவில்லை. அந்தச் சந்தையில் வாய் சொன்னது செல்லாது, கை சொன்னதுதான் நிற்கும். அஞ்சு என்றே பேச்சு முடிந்தது. விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டார். மாரப்பன் புதுக்கயிறு கட்டினார். பிராசசர் அத்தனை கால்களாலும் சின்னச் சின்ன எட்டு வைத்து, நாலு மைல் அவர் பின்னால் நடந்து வந்தது.

மத்தியானம் பெட்டியைத் திறந்தார். கிழட்டுப் பிராசசர் தானாக இறங்கி வாசலில் முருங்கை நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. புதியதைக் கழுவித் துடைத்து, எண்ணெய் வைக்கிற மாதிரி உச்சந்தலையில் குளிர்பசையைத் தடவி, உள்ளே விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி, இடம் பார்த்து உட்கார்ந்தது. தலைகளை எண்ணியது. அஞ்சு என்று திரையில் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கியது.

அப்பாவின் கால் படியில் இறங்கியது. "டேய் மாரப்பா, படியெல்லாம் ஈரம்டா" என்றார். அக்கா தும்மினாள். ஊசி துணிக்குள் போய் வந்தது. சூசை ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்து, அளவு எடுத்தபோது இருந்த மனுஷி இந்நேரம் ரெண்டு சுற்றுப் பெருத்திருப்பாளே என்று வருத்தப்பட்டார்.

பாவாயியின் முறை வந்தது. மாரப்பன் ஏணியின் மேல்படியில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஒரு சொல்தான் வந்தது.

"அடுப்புல" என்றாள்.

சோறாக்கி வைத்திருந்தேன், ஒரு வாய் தின்னச் சொல்லவில்லையே என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் முழுக்க ஏணியை விட்டு இறங்கவில்லை. அவசரப்படவும் இல்லை. சாயங்காலம் "பாலை" என்றாள். அக்கா சுவருக்கு அப்பாலிருந்து, தம்பி ஒரு வாய்த் தண்ணியாவது குடி என்றாள். குடித்தார்.

மூன்றாம் நாள் காலையில் மிச்சமும் வந்து, பேச்சு முழுசாயிற்று.

"ஏனுங்க, அன்னைக்கு நான் அடுப்புல பாலை வெச்சபடியே வந்துட்டனுங்க. பொங்கிருமுங்க. கொஞ்சம் இறக்கி வெச்சிருங்க."

மாரப்பன் இறங்கி அடுப்படிக்குப் போனார். இடப்பக்கத்து அடுப்பில் நீலத் தீ மொச்சைக்கொட்டை அளவுக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடியிருந்த தட்டத்தை எடுத்தார். பால் நுரை கட்டி, விளிம்பு வரைக்கும் வந்திருந்தது. அணைத்து, துணி பிடித்து இறக்கி வைத்தார். "இறக்கியாச்சு" என்று பரணைப் பார்த்துச் சொன்னார்.

"செரிங்க" என்றாள் பாவாயி.

நாலு டம்ளரை எடுத்து ஊற்றினார். சர்க்கரை போட்டுக் கலக்கினார். ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகப் பெட்டியின் பக்கத்தில் வைத்தார். உள்ளே யாரோ இருமினார்கள். காலையில் எழுந்ததும் மாரப்பன் இருமுகிற இருமல்தான் அது.

"எனக்குச் சக்கரை வேண்டாம்" என்று பெட்டிக்குள்ளிருந்து அஞ்சாவது ஆளாக மாரப்பன் சொன்னார்.

"அது வெளிய நிக்கறவருக்குத் தெரியாதாக்கும்" என்றாள் பாவாயி.

வெளியே இருந்த மாரப்பன் கீழே போய் அஞ்சாவது டம்ளரைக் கொண்டுவந்தார். அதில் சர்க்கரை போடவில்லை. அஞ்சு டம்ளரும் மெல்லமெல்லக் காலியாகும் வரைக்கும் ஏணியிலேயே நின்றார். பிறகு எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்தார். அவர் மீசையில் பாலாடை ஒட்டியிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, பரணில் தூசி தட்டப் போனார்.