இல்லையென்று சொல்லாத நாக்கு

நான் வேலை பார்க்கும் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் 'இல்லை' என்ற பேச்சே கிடையாது. கேட்ட நிறம் இல்லாவிட்டாலும், "இருக்குதும்மா, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு வேறு எதையாவது எடுத்துப் போட வேண்டும். ஐந்து நாள் ஏனாத்தூர் கல்லூரியில் படிப்பு, சனி ஞாயிறு கடை என்று மூன்று வருடம் ஓடியதில் எனக்கும் அது ஊறிப்போயிற்று. அந்தப் பழக்கம்தான் கேம்பஸ் இன்டர்வியூவில் என்னைக் குழியில் தள்ளியது.

வந்திருந்தவர் ஒரு சென்னைக் கம்பெனியின் ஷாரோன் மேடம். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் வேலை.

"எக்செல் தெரியுமா, பிரவீனா?"

"தெரியும் மேடம்."

சொல்லி வாய் மூடவில்லை, லேப்டாப் என் பக்கம் திரும்பிவிட்டது. திரையில் பெயரும் ஊருமாக நூறு புகார்கள். "எந்த ஊர்ல அதிகம்? பிரிச்சுக் காட்டு."

எனக்குத் தெரிந்த எக்செல், பெயரை அடித்துச் சேமிப்பதோடு சரி. பொய் சொல்லி மாட்டினால் அப்புறம் எந்தக் கம்பெனி வந்தாலும் உட்கார விடமாட்டேன் என்று, வேலைவாய்ப்பைப் பார்த்துக்கொள்ளும் இளவரசன் சார் காலையில்தான் கத்தியிருந்தார். அவர் கதவுக்கு வெளியே இருமுவது கேட்டது. நாக்கில் சனி உட்கார்ந்தால் யாரை நோவது?

மவுஸை மேலும் கீழும் நகர்த்தினேன். மேடம் என் கையையே பார்த்தார்.

"தெரியாது மேடம். பொய் சொல்லிட்டேன். கடையில இல்லன்னு சொல்ல வுடமாட்டாங்க, அதே பழக்கத்துல வந்துடுச்சு."

"பொருளே இல்லன்னா எப்படி விப்பே?" குரலில் கோபம் இருந்தது.

"எதுக்கு எடுக்கறாங்கன்னு கேப்பேன். அதுக்கு ஒத்துவர்றதைக் காட்டுவேன்." வேறு வழி தெரியாமல் அவரிடமும் கேட்டேன். "இந்தக் கணக்கு எதுக்கு மேடம்?"

"ஒரு ஊருக்குக் கூடுதலா ஆள் போடணும்."

"பேப்பர்ல பிரிச்சுத் தரட்டுமா?"

அவர் தலையாட்டவில்லை, தடுக்கவும் இல்லை. ஊர் ஊராகக் கோடு போட்டேன். கோடுகள் கோணல்மாணலாக விழுந்தன.

"ஆரணிதான் அதிகம் மேடம், முப்பத்தொண்ணு. ஆனா அதுல இருபது ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போட்டது. அவரை நேர்ல பாத்துப் பேசினா போதும். அடுத்தது வேலூர், அங்க எல்லாம் வேற வேற ஆளுங்க. கூடுதல் ஆள் வேலூருக்குத்தான் வேணும்."

மேடம் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து இளவரசன் சாரைக் கூப்பிட்டார்.

"சார், இந்தப் பொண்ணு என்கிட்ட பொய் சொன்னா."

சாரின் முகம் கறுத்தது.

"அப்புறம் அவளே ஒத்துக்கிட்டா. ஆறு மாசமா இந்த லிஸ்டைப் பாக்கறோம், அந்த ஒரே ஆளை எங்க ஆபீஸ்ல யாரும் கண்டுபிடிக்கல. ஒண்ணாம் தேதி வேலைக்கு அனுப்பி வைங்க. எக்செல்லை நாங்க சொல்லித் தர்றோம்."

மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.